போடிமெட்டில் ஏறி மறையூரில் இறங்குங்கள்: முதன்முறை மலைக்கு வண்டி எடுப்பவர்களுக்கு

மதுரையில் கிளம்பி உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி, போடி வழியாக மலையேறி, பூப்பாறை, மூணாறு, மறையூர், சின்னாறு என்று கேரளத்துக்குள் ஒரு வளைவு போட்டு, அமராவதி அணைப் பக்கம் தமிழ்நாட்டுக்குள் இறங்கி, உடுமலை, பழனி, திண்டுக்கல் வழியாக மறுபடி மதுரை. மொத்தம் 400 கிலோமீட்டர் சொச்சம். நான்கு வழிச்சாலையில் இது ஒரு நாள் ஓட்டம். மலையில் இதற்கு நான்கு நாள் வேண்டும். "மூணே நாள்ல முடிச்சிரலாமே" என்பவர்கள் முடித்துவிட்டு வந்து முதுகுவலியைப் பற்றித்தான் பேசுவார்கள்.

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் எடுக்க வேண்டியிருக்கிறது. இந்தப் பாதைக்கு அந்த வேலை இல்லை. ஆனால் நான் இந்தப் பாதையைச் சொல்வதற்குக் காரணம் வேறு. நான்கே நாளில் முள்ளுக்காடு, ஏலத்தோட்டம், தேயிலை, புல்வெளி, சந்தனக் காடு, மறுபடி முள்ளுக்காடு என்று ஐந்து விதமான நிலத்தை ஜன்னல் வழியே பார்த்துவிடலாம். நடக்க இடம் உண்டு. ஒவ்வொரு ஊரிலும் சாப்பாடு மாறிக்கொண்டே வரும். மூணாறில் பாதிப்பேர் தமிழ் பேசுவதால் மொழிச் சிக்கலும் இல்லை.

எந்தப் பக்கம் ஏறுவது

முதல்முறை நான் போனது தலைகீழாக. உடுமலை வழியாக ஏறி, போடிமெட்டு வழியாக இறங்கினேன். போடிமெட்டிலிருந்து அடிவாரத்து முந்தல் வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் இறக்கம். மூன்றாவது கியரில், பிரேக்கில் காலை வைத்தபடியே, பேசிக்கொண்டே இறங்கினேன். பாதி வழியில் ரப்பர் கருகுகிற மாதிரி ஒரு வாடை. முன்னால் போன லாரியிலிருந்து வருகிறது என்று நினைத்தேன். முந்தலுக்கு வரும்போது பிரேக் பெடல் தரை வரை அமுங்கியது. எப்படியோ ஒரு டீக்கடை ஓரமாக நிறுத்தினேன். முன் சக்கரத்திலிருந்து மெல்லிசாகப் புகை வந்தது. டீ ஆற்றிக்கொண்டிருந்த பெரியவர் கிளாஸைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"என்னா தம்பி, பெரேக்க மிதிச்சுக்கிட்டே எறங்குனீகளா?"

தலையாட்டினேன். தண்ணீர் பாட்டிலை எடுத்துச் சக்கரத்தில் ஊற்றப் போனவனைத் தடுத்தார். "ஊத்தாதீக, சூட்டுல தட்டு வெடிச்சுப்போகும். ஒக்காருங்க, அதுவா ஆறட்டும். எந்தக் கியருல ஏறுவீகளோ அந்தக் கியருலதான் எறங்கணும்."

நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். மூன்று டீ குடித்தேன். ஆறியதும் பெடல் மேலே வந்தது. ஆனாலும் போடியில் மெக்கானிக்கிடம் காட்டிவிட்டுத்தான் மதுரைக்குக் கிளம்பினேன்.

அதனால்தான் புதியவர்களுக்கு இந்தத் திசையைச் சொல்கிறேன். போடி ஏற்றம் செங்குத்து. ஏறும்போது வண்டிதான் சிரமப்படும், ஓட்டுபவருக்குப் பயமில்லை. மறையூர் பக்க இறக்கம் நீளமானது, சாய்வு குறைவு. இறங்கும் பயிற்சி இல்லாதவர் அங்கே கற்றுக்கொள்ளலாம்.

அந்தப் பெரியவர் சொன்ன ஒற்றை வரிதான் மலைப்பாதைக்கான முழுப் பாடம். இறக்கத்தில் செகண்ட் கியர், வளைவு இறுகினால் ஃபர்ஸ்ட். எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். பிரேக் விட்டு விட்டுத் தொட்டால் போதும். ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் 'டி'யில் விட்டுவிடாமல் 'எல்' அல்லது மேனுவல் முறைக்கு மாற்றுங்கள். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டுவது, எஞ்சினை அணைப்பது இரண்டும் தற்கொலை. எஞ்சின் நின்றால் பிரேக்குக்கு உதவும் பூஸ்டரும் ஸ்டியரிங்கும் கல்லாகிவிடும்.

எதிரே வண்டி வந்து இடம் போதாவிட்டால் ஏறுகிற வண்டிக்கே முன்னுரிமை. இறங்குபவர் ஒதுங்கி நிற்க வேண்டும். நம் ஊரில் பாதிப்பேருக்கு இது தெரியாது, ஆனால் மலையில் ஓட்டும் லாரிக்காரர்களுக்குத் தெரியும்; நீங்கள் நின்றால் கையைத் தூக்கிவிட்டுப் போவார்கள். கொண்டை ஊசி வளைவில் ஹாரன் அடித்துவிட்டு, பஸ் வருகிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்புங்கள். பஸ்ஸுக்கு முழு ரோடும் வேண்டும்; வளைவுக்குக் கீழேயே நின்று அதை இறங்க விடுவதுதான் மரியாதையும் புத்திசாலித்தனமும்.

எப்போது போவது

டிசம்பர், ஜனவரி. அடுத்தபடி செப்டம்பர். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மூணாறில் தென்மேற்குப் பருவமழை கொட்டும். மண்சரிவு விளையாட்டில்லை. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்புகளான லயன்கள் மீது மலை சரிந்து 70 பேர் போனார்கள். அத்தனை பேரும் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள், பெரும்பாலும் நம் தென் மாவட்டங்களில் வேர் உள்ளவர்கள். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை போடிப் பக்கச் சரிவைப் பதம் பார்க்கும். பிப்ரவரி, மார்ச்சில் வரையாடு குட்டி போடும் காலம் என்று மூணாறு பக்கத்து இரவிகுளம் தேசியப் பூங்காவை மூடிவிடுவார்கள். காட்டுத்தீ காலமும் அதுதான், நடைபாதைகளும் மூடப்படும். ஏப்ரல், மே மாதங்களில் மூணாறு பஜாரில் வண்டி நிறுத்த இடம் தேடியே ஒரு நாள் போய்விடும்.

ஜனவரியில் போனால் இரண்டு விஷயம் ஞாபகம் இருக்கட்டும். விடியற்காலையில் மூணாறு எஸ்டேட்டுகளில் உறைபனி விழும், ஸ்வெட்டர் கட்டாயம். தைப்பூசம் நெருங்கினால் பழனி ரோடு முழுக்கப் பாதயாத்திரை பக்தர்கள் நடப்பார்கள். இருட்டிய பிறகு அந்த ரோட்டில் வேகமாகப் போவது பாவம்.

கிளம்பும் முன்

டயர், பிரேக் பேட், கூலன்ட், வைப்பர். இந்த நான்கையும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று நீங்களே அமுக்கிப் பாருங்கள். வாடகை டாக்சி என்றால் கேரளத்துக்குள் நுழைய வரி கட்டியாயிற்றா என்று டிரைவரிடம் முந்தைய நாளே கேட்டுவிடுங்கள். செக்போஸ்ட்டில் நின்று கேட்பதில் பயனில்லை. பல இடங்களில் சிக்னல் இருக்காது, வரைபடத்தைப் போனில் இறக்கி வையுங்கள். கையில் ரொக்கம். பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம், வனத்துறைச் சோதனையில் பிடுங்குவார்கள். எவர்சில்வர் பாட்டில் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

வாந்தி வருகிறவர்கள் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. அவர்களை முன் சீட்டில் உட்கார வையுங்கள், போனைப் பார்க்க விடாதீர்கள், ஜன்னல் திறந்திருக்கட்டும். மலையேறும் முன் பூரி, பரோட்டா கூடாது. காலிவயிறும் கூடாது. இரண்டு இட்லி, அவ்வளவுதான்.

முதல் நாள்: மதுரையிலிருந்து சின்னக்கானல்

ஐந்தரைக்குக் கிளம்புங்கள். ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டும்போது வெயில் வந்துவிடும். ஏழே காலுக்குத் தேனி, அங்கே அந்த இரண்டு இட்லி. எட்டு மணிக்கு போடி.

போடியில் அவசரப்பட்டு மலையேறாதீர்கள். கேரள ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகும் ஜீப்புகள் விடிந்ததிலிருந்தே இங்கிருந்து கிளம்பும். உள்ளே பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள், டிபன் கேரியர்கள் பின்னால் தொங்கும். குறித்த நேரத்தில் தோட்டத்தில் இறக்க வேண்டிய கட்டாயம் அந்த டிரைவர்களுக்கு. வளைவில் அவர்கள் முந்துகிற வேகம் பழகாதவரை நடுங்க வைக்கும். எட்டரைக்கு மேல் முந்தலைத் தாண்டினால் மலை காலியாக இருக்கும். சாயங்காலம் மூன்றரைக்கு மேல் அதே ஜீப்புகள் இறங்கும், அந்த நேரத்திலும் இந்த ரோட்டில் இருக்க வேண்டாம்.

காத்திருக்கும் அரை மணி நேரத்தில் ஏலக்காய் வாங்குங்கள். நறுமணப் பொருட்கள் வாரியத்தின் ஏல மையம் உள்ள ஊர் இது, கடைத்தெரு முழுக்க அந்த வாசனைதான். 'எட்டு எம்எம்' என்று கேட்டால் பெரிய காயைக் காட்டுவார்கள். பாயசத்துக்கும் டீக்கும் அவ்வளவு பெரிய காய் தேவையில்லை, அதற்கு அடுத்த ரகமே போதும். ஒரு காயை உடைத்துப் பாருங்கள்: உள்ளே விதை கறுப்பாக, லேசாகப் பிசுபிசுப்போடு ஒட்டியிருந்தால் புதுசு. பழுப்பாக உதிர்ந்தால் பழசு. நிறம் அளவுக்கு மீறிப் பச்சையாக இருந்தால் ஈர விரலால் தேயுங்கள், சாயம் ஒட்டினால் அடுத்த கடை.

ரயில்காரர்களுக்கு ஒரு செய்தி: மீட்டர் கேஜ் பாதையை அகலப்படுத்தும் வேலைக்காகப் பல ஆண்டுகள் நின்றிருந்த போடி ரயில் 2023 ஜூனில் மறுபடி ஓடத் தொடங்கிவிட்டது. சென்னையிலிருந்து வருபவர்கள் போடி வரை ரயிலில் வந்து, அங்கிருந்து வண்டி பேசிக்கொள்ளலாம். அப்படி வந்தால் பழனி வரை பேசுங்கள், திரும்பி வர வேண்டியதில்லை.

முந்தலிலிருந்து ஏறும்போது பின்னால் போடி சமவெளி கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே விலகும். வளைவுகளுக்கு நடுவே அகலமான இடம் பார்த்து ஒருமுறை நிறுத்துங்கள். வளைவிலேயே நிறுத்தி செல்ஃபி எடுக்காதீர்கள். காட்டின் நிறத்தைக் கவனியுங்கள். அடிவாரத்தில் வறண்ட புதர். மெட்டைத் தாண்டி இரண்டு கிலோமீட்டர் போவதற்குள் நிழல் அடர்ந்து, ஈரம் வந்து, மரங்களுக்கு அடியில் ஏலச்செடிகள் தோளுயரத்துக்கு நிற்கும். மலைமுகடு மழையை மேற்கிலேயே பிடித்து வைத்துக்கொள்கிறது, போடிக்கு வருவது மிச்சம் மீதிதான். இதே கதை கடைசி நாளில் சின்னாறில் தலைகீழாக வரும்.

பூப்பாறையில் நிறுத்தி கட்டன் சாயாவும் (பால் இல்லாத டீ) பழம்பொரியும். நேந்திரம்பழம் நன்றாகக் கனிந்திருந்தால்தான் பழம்பொரி இனிக்கும். கண்ணாடிப் பெட்டியில் ஆறிக் கிடப்பதை விட்டுவிட்டு எண்ணெய்ச் சட்டி அடுப்பில் இருக்கிற கடையைத் தேடுங்கள். கேரளப் பருப்பு வடை நம்முடையதைவிடக் கெட்டி. சட்னி கேட்காதீர்கள், சாயாவோடுதான் கடித்துக்கொள்ள வேண்டும்.

அங்கிருந்து ஆனயிறங்கல் அணை. பெயரே சொல்கிறது, ஆனை இறங்கும் இடம். அரிசிக்காக ரேஷன் கடையையும் வீடுகளையும் உடைத்த அரிக்கொம்பன் யானை இந்தச் சின்னக்கானல் காட்டுக்காரன்தான். 2023 ஏப்ரலில் பிடித்து பெரியாறு காட்டில் விட்டார்கள். அது கம்பம் ஊருக்குள் நடந்து வந்தது. ஜூனில் மறுபடி பிடித்து, களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனார்கள். அது போய்விட்டாலும் மற்ற யானைகள் இங்கேயேதான் இருக்கின்றன. ரோட்டில் யானை நின்றால் தூரத்திலேயே நிறுத்துங்கள். ஹாரன், ஃபிளாஷ், இறங்கி நிற்பது எதுவும் கூடாது. எஞ்சின் ஓடட்டும், பின்னால் வருகிறவருக்குக் கைகாட்டிவிட்டு மெதுவாகப் பின்னெடுங்கள். அது தானாகப் போகும் வரை உங்களுக்கு வேறு வேலை இல்லை.

இரவு சின்னக்கானலிலோ சூரியநெல்லியிலோ தங்குங்கள். மாலை ஐந்துக்குள் அறைக்குப் போய்விட வேண்டும். நான்கு நாளும் இதுதான் விதி. ஐந்துக்கு மேல் மலையில் பனிமூட்டம், எதிர் வெளிச்சம், யானை. மூன்றையும் சேர்த்துச் சமாளிக்கும் அளவுக்கு முதல்முறை வருபவருக்குக் கை பழகியிருக்காது.

கொழுக்குமலையும் குரங்கணியும்

இரண்டாம் நாள் விடியலுக்குக் கொழுக்குமலை. 2,000 மீட்டருக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டம். நிலம் தேனி மாவட்டத்தில் இருக்கிறது, வண்டிப்பாதை கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்து வருகிறது. உங்கள் காரை அங்கே கொண்டுபோக முடியாது; நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப்தான். முந்தைய மாலையே பேசிவிடுங்கள், நாலு மணிக்குக் கிளம்ப வேண்டும். ஒரு மணி நேரக் குலுக்கல். முதுகெலும்பில் சிக்கல் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் தவிர்க்கவும். மேலே மேகம் காலுக்குக் கீழே பஞ்சு மாதிரி பரவிக் கிடக்கும். அதன் விளிம்பில் சூரியன் வரும். வராத நாளும் உண்டு. நான் போன இரண்டு தடவையில் ஒருமுறை வெறும் வெள்ளைச் சுவரைத்தான் பார்த்துவிட்டு வந்தேன். அன்று கிடைத்தது ஒரு கிளாஸ் டீ மட்டும், அதற்காகவே போயிருக்கலாம் என்று இப்போது சொல்லிக்கொள்கிறேன்.

நின்ற இடத்திலிருந்து கிழக்கே எட்டிப் பார்த்தால் கீழே தெரியும் பள்ளத்தாக்குகளில்தான் குரங்கணி இருக்கிறது. 2018 மார்ச் 11 அன்று அங்கே மலையேறப் போன குழு காட்டுத்தீயில் சிக்கியது. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வறண்ட புல் நெஞ்சளவு நிற்கும் மாதம் அது. அதன் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று வனத்துறை 40 பாதைகளை இணையத்தில் முன்பதிவு செய்யும்படி திறந்தது. எளிது, நடுத்தரம், கடினம் என்று வகை பிரித்து, உள்ளூர் பழங்குடி இளைஞர்களை வழிகாட்டிகளாக அனுப்புகிறார்கள். குரங்கணியிலிருந்து ஒரு பாதையும் அதில் உண்டு. நடக்க ஆசையிருந்தால் பயணத்துக்கு ஒரு நாள் கூட்டி, முதல் நாளே போடியில் தங்கி அதை முடித்துவிட்டு மலையேறுங்கள். "எனக்குத் தெரிஞ்ச பையன் ஒருத்தன் மலை மேல இருக்கிற டாப் ஸ்டேஷன் வரைக்கும் கூட்டிட்டுப் போவான்" என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டு விலகுங்கள்.

அந்த மலைச்சரிவுக்குப் பழைய கதை ஒன்றும் உண்டு. 1877இல் பூஞ்சாறு அரச குடும்பத்திடமிருந்து மன்றோ என்ற வெள்ளைக்காரர் கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு எடுத்தார். தோட்டம் வளர்ந்ததும் தேயிலையைக் கீழே கொண்டுவர வழி தேவைப்பட்டது. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ரயில் போட்டார்கள். அங்கிருந்து கயிற்றுப்பாதையில் கொட்டகுடிக்குத் தேயிலைப் பெட்டிகள் இறங்கின, பிறகு மாட்டுவண்டியில் போடிக்கு. 1924 வெள்ளத்தில் அந்த ரயில் போனது போனதுதான். தேயிலை இறங்கிய அதே மலையில்தான் நம் ஆட்கள் மூட்டை முடிச்சோடு வேலைக்கு ஏறினார்கள்.

மூணாறு

சின்னக்கானலிலிருந்து மூணாறுக்கு கேப் ரோடு. மழைக்காலத்தில் பாறை சரிந்து அடிக்கடி மூடப்படும் இடம். கிளம்பும் முன் விடுதியில் கேளுங்கள். மூடியிருந்தால் பூப்பாறைக்குத் திரும்பி ராஜாக்காடு, குஞ்சித்தண்ணி வழியாகச் சுற்ற வேண்டும். தேவிகுளம் தாண்டினால் மூணாறுதான்.

மூணாறைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். படகு, பூங்கா, ஸிப்லைன் எல்லாம் உங்கள் இஷ்டம். நான் பஜாருக்குத்தான் போவேன். காய்கறிச் சந்தைக்குள் நுழைந்தால் தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்துக்குள் புரளும். 2015 செப்டம்பரில் சம்பளம், போனஸ் கேட்டு ஆயிரக்கணக்கான தோட்டப் பெண்கள் தொழிற்சங்கத் தலைவர்களையும் ஒதுக்கிவிட்டு இந்த ஊரை நிறுத்திவைத்தார்கள். 'பெம்பிளை ஒருமை', அதாவது பெண்கள் ஒற்றுமை, என்று பெயர். அந்தப் பெண்களில் பெரும்பாலோர் தமிழர்கள். பஜாரில் டீ குடிக்கும்போது பக்கத்தில் நிற்கும் அக்காவிடம் இரண்டு வார்த்தை பேசிப்பாருங்கள், சொந்த ஊர் எது என்று கேட்டால் சங்கரன்கோவில் பக்கம் ஒரு கிராமத்தின் பெயர் வரலாம்.

மதியம் மட்டை அரிசிச் சோறு, குடம்புளி போட்ட மீன்கறி. சிவப்பரிசி பெரிய பெரிய பருக்கையாக இருக்கும். முதல் கவளம் வேகவில்லையோ என்று தோன்றும், மூன்றாவது கவளத்தில் பழகிவிடும். இரவு தட்டுக்கடையில் தோசையும் கடலைக்கறியும், அல்லது கப்பை என்கிற மரவள்ளிக்கிழங்கும் மீனும். குளிரில் நின்றுகொண்டே சாப்பிடுவதுதான் சுகம்.

மூன்றாம் நாள் காலை இரவிகுளம். ஐந்தாம் மைலில் வண்டியை விட்டுவிட்டு வனத்துறை பஸ்ஸில் ராஜமலைக்குப் போக வேண்டும். டிக்கெட்டை முன்கூட்டியே இணையத்தில் எடுத்து முதல் பஸ்ஸைப் பிடியுங்கள், பத்து மணிக்கு மேல் வரிசை ரோடு வரை வரும். மேலே சிமென்ட் பாதைதான், பாட்டிகளும் நடக்கலாம். உலகில் வரையாடுகள் ஒரே இடத்தில் மிக அதிகமாக வாழ்வது இங்கேதான். நம் மாநில விலங்கைப் பார்க்கக் கேரளத்துக்குப் போகிறோம், என்ன செய்ய. அவை பாதை ஓரத்துக்கே வரும். தொடாதீர்கள், பிஸ்கட் கொடுக்காதீர்கள். எதிரே ஆனைமுடி, 2,695 மீட்டர், இமயத்துக்குத் தெற்கே அதுதான் உச்சி. அதில் ஏற அனுமதி கிடையாது, பார்க்க மட்டும். குறிஞ்சி கேட்பவர்களுக்கு: கடைசியாகப் பூத்தது 2018, அடுத்தது 2030.

மறையூர் வெல்லம்

ராஜமலை தாண்டி நாற்பது நிமிடம் இறங்கினால் தேயிலை சட்டென்று நின்றுவிடும். காற்று சுடும். ரோட்டின் இரு பக்கமும் கம்பிவேலி, உள்ளே ஒல்லியான மரங்கள், ஒவ்வொன்றிலும் எண். அதுதான் சந்தனம். வேலிக்கு வெளியே விழுந்து கிடக்கும் சுள்ளியைக்கூட எடுக்காதீர்கள். நினைவுப்பொருள் என்று நீங்கள் சொல்வதை வனத்துறை நம்பாது.

மறையூரில் கரும்புக் காட்டுக்கு நடுவே ஓலைக் கூரையோ தகரமோ வேய்ந்த வெல்ல ஆலைகள் இருக்கும். புகை தெரிகிற இடத்தில் நிறுத்தி, பார்க்கலாமா என்று கேட்டுவிட்டு உள்ளே போங்கள். நான் போனபோது கொப்பரையில் சாறு பாதி வற்றியிருந்தது. அடுப்புக்கு விறகு இல்லை, பிழிந்து காயவைத்த கரும்புச் சக்கைதான். ஒருவர் நுரையோடு மேலே வரும் அழுக்கை நீளக் கரண்டியால் வழித்துக்கொண்டே இருந்தார். கொதியின் சத்தம் மாறியது; சளசளப்பு போய், கனமாகக் குமிழ் வெடிக்கும் ஓசை. பாகில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்த்தார். உருண்டதும் இரண்டு பேர் கொப்பரையைத் தூக்கி மரத்தொட்டியில் சாய்த்தார்கள். கொஞ்சம் ஆறியதும் உருண்டை பிடிக்கிற வேலை. ஒவ்வொரு உருண்டையிலும் விரல் தடம் அப்படியே நிற்கும். கடையில் வாங்கும்போது அந்தத் தடத்தைத்தான் பார்க்க வேண்டும். 2019இல் மறையூர் வெல்லத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன்பின் வெளியூர் வெல்லம் இந்தப் பெயரில் வருவது நின்றுவிடவில்லை.

மலையாளத்தில் 'சர்க்கர' என்றால் வெல்லம். டீக்குச் சீனி வேண்டுமென்றால் 'பஞ்சசார' என்று கேளுங்கள்.

சாயங்காலம் முனியறைகளுக்கு நடங்கள். பலகைக் கற்களைச் சுவர்போல நிறுத்தி மேலே ஒரு கல்லை மூடிய பெருங்கற்காலச் சின்னங்கள், பாறைத் திட்டின்மேல் வரிசையாக இருக்கின்றன. அரை மணி நேர நடைதான், ஆனால் பாறை வழுக்கும், செருப்பு வேண்டாம். கற்களின்மேல் ஏறி நின்று படம் எடுக்கிறார்கள்; நீங்கள் அந்தக் கூட்டத்தில் சேராதீர்கள். இரவு மறையூரில் தங்கலாம். குளிர் வேண்டுமென்றால் மேலே காந்தளூர், அங்கே பூண்டும் ஆப்பிளும் விளைகிறது.

கடைசி நாள்: சின்னாறில் நடை, அமராவதியில் மீன்

இந்தப் பயணத்தின் நல்ல நடை இதுதான். ஆலம்பெட்டியில் வனத்துறையிடம் பதிவு செய்தால் பழங்குடி வழிகாட்டியோடு தூவானம் அருவிக்கு அனுப்புவார்கள். காலையில் சீக்கிரம் போங்கள், போக வர நான்கு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். மூணாறில் அட்டைக்குப் பயந்து உப்பு வைத்திருந்தவர்களுக்கு இங்கே அது தேவைப்படாது. ஆண்டுக்கு 500 மில்லிமீட்டர் அளவுதான் மழை, காடு முழுக்க முள்ளும் கள்ளியும். முழுக்கை, முழுக்கால் சட்டை, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். ஆற்றோர மரங்களில் சாம்பல் நிற மலை அணிலைத் தேடுங்கள்; வால் அசைவதுதான் முதலில் தெரியும். வழிகாட்டி கையைத் தூக்கினால் நில்லுங்கள், ஏன் என்று பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

அருவியில் விழுகிற ஆறு பாம்பாறு. கேரளத்தில் கிழக்கே ஓடும் மூன்று ஆறுகளில் ஒன்று; கீழே அமராவதியாகி கரூர் பக்கம் காவிரியில் சேர்கிறது. நடந்து முடித்ததும் நீங்களும் அதோடு சேர்ந்தே இறங்குவீர்கள். சின்னாறு பாலம் தாண்டினால் தமிழ்நாடு. இருபக்கச் செக்போஸ்ட்டிலும் பையைத் திறந்து காட்டச் சொல்லலாம், சிரித்துக்கொண்டே காட்டுங்கள். இடையில் எங்கும் இறங்கக் கூடாது, யானைப் பாதை. செகண்ட் கியர் ஞாபகம் இருக்கட்டும்.

அமராவதி அணைக்கு அருகே மீன் வறுத்துத் தருவார்கள். அணை மீன், மசாலா தூக்கல், வாழையிலைத் துண்டில். மீனைக் காட்டச் சொல்லி, எடை போட்டு, விலை பேசிவிட்டு வறுக்கச் சொல்லுங்கள். வறுத்த பிறகு பேசினால் அவர் சொன்னதுதான் விலை. முதலைப் பண்ணை பக்கத்திலேயே இருக்கிறது, பிள்ளைகள் இருந்தால் அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

உடுமலையிலிருந்து பழனி முக்கால் மணி நேரம். பஞ்சாமிர்தம் வாங்கும்போது தேவஸ்தான நிலையத்திலேயே வாங்குங்கள். மலைவாழை கிடைக்காத இடத்தில் வேறு பழத்தைப் போட்டுச் செய்வதை நாக்கே சொல்லிவிடும். ஒட்டன்சத்திரத்தில் காய்கறி லாரிகள் நெருக்கும். திண்டுக்கல்லுக்குப் பிறகு நான்கு வழிச்சாலை, அங்கே கை கால் தானாகத் தளரும், தூக்கம் வரும். ஓட்டுபவரை மாற்றுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் வெல்லத்தைக் காகிதத்திலிருந்து எடுத்து டப்பாவில் போட்டு மூடுங்கள், இல்லாவிட்டால் விடிவதற்குள் எறும்பு கண்டுபிடித்துவிடும். மறுநாள் வண்டியை மெக்கானிக்கிடம் கொண்டுபோய் பிரேக் பேடைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.